சிலுவை போடாத கிறிஸ்டியன்

எப்சிபா என்ற பெயரை எங்கள் கடையில் யாரும் ஒழுங்காகச் சொன்னதில்லை. எப்சி, பெப்சி, கடைசியில் ‘அல்லேலூயாக்கா’. தி.நகர் பட்டுக் கடை ஒன்றின் மாடியில் கல்யாணப் பட்டு விரித்துக் காட்டுவது அவள் வேலை. அதே மாடியில் பில் போடுகிறவள் நான், ஜானகி. அவள் பெந்தெகொஸ்தே சபைக்காரி. பொட்டு கிடையாது, பூ கிடையாது, காதில் மூக்கில் குண்டுமணித் தங்கம் கிடையாது. சேலை விற்றாலும் ஸ்தோத்திரம், லிஃப்ட் வந்தாலும் ஸ்தோத்திரம். கேட்டுக் கேட்டு எனக்கே சில நாள் எரிச்சல் வரும். ஆனால் எதையும் மூடி மறைக்கிற ஆள் இல்லை, அது எனக்குப் பிடிக்கும்.

ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் சேரன் என்று ஒரு புது மேனேஜர் வந்தார். வந்த வேகத்தில், கல்யாணப் பட்டு விரிக்கிற பெண்கள் எல்லோரும் பொட்டும் பூவும் வைக்க வேண்டும் என்றார்.

“கோச்சிக்காதீங்க சார். நான் வெக்க மாட்டேன்,” என்றாள் எப்சிபா.

“இதுல மதமே இல்லம்மா. யூனிஃபார்ம் மாதிரி. கல்யாண வூட்டுக்காரங்க வராங்க, மங்களகரமா இருக்கணும்ல?”

அவள் தலையை ஆட்டவில்லை. மறுநாளே அவளை அடித்தளத்துக்கு, உள்பாவாடைப் பிரிவுக்குத் தள்ளிவிட்டார். ஜன்னல் இல்லாத இடம், நாள் முழுக்கத் துணித் தூசி. அவளுக்கோ இளைப்பு. மத்தியானம் சாப்பிட மேலே ஏறி வரும்போது நெஞ்சு விசிலடிக்கும். அப்போதும் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் டிபன் டப்பாவைத் திறப்பாள்.

டிசம்பர் வந்தது. எங்கள் மாடியில், பில் மேசைக்கு எதிரே, பஞ்சு ஒட்டிய கிறிஸ்துமஸ் மரம் நின்றது. சேரனுக்குத் திடீரென்று எல்லா மதத்தின் மேலும் பாசம் பொங்கிவிட்டது. விளம்பரப் படத்துக்கு ஒரு கிறிஸ்தவப் பெண் வேண்டுமாம். எப்சிபாவை மேலே கூப்பிட்டார்.

“போட்டோ மட்டும் நல்லா வரட்டும். நாளைலேர்ந்து நீ மேலயே இரு.”

அவள் முகம் மலர்ந்தது. இனி நன்றாக மூச்சு விடலாம் அல்லவா! மரத்துக்குப் பக்கத்தில் வெள்ளைச் சேலையில் போய் நின்றாள். அப்போதுதான் சேரன் ஒரு கவரிங் செயினை நீட்டினார். அதில் கட்டைவிரல் நீளத்துக்குச் சிலுவை.

“நக போட மாட்டேன் சார்.”

“இது நகையா? சிலுவைம்மா! உங்க சாமிம்மா!”

“எங்க சபைல யாரும் போட மாட்டோம் சார். அத்த மாட்டிக்கினாதான் நான் ஆண்டவர் புள்ளையா?”

“கிறிஸ்டியனா இருந்துகினு சிலுவை போட மாட்டியா? அப்புறம் நீ கிறிஸ்டியன்னு பாக்கறவனுக்கு எப்படித் தெரியும்?”

கிறிஸ்டியன் என்று தெரிகிறதே என்றுதானே அவளைக் கீழே தள்ளினான் இந்த மனுஷன்!

“அப்போ கீழயே கெட,” என்று அவளை அனுப்பிவிட்டு, பக்கத்தில் நின்ற தமிழ்நிலாவை இழுத்தார். புதிதாகச் சேர்ந்த பெண். மயிலாப்பூர்க்காரி, தினமும் கோயில் குங்குமத்தோடுதான் வேலைக்கு வருவாள். ஈரத்துணியைக் கொடுத்து நெற்றியைத் துடைக்கச் சொன்னார். பூவை எடுக்கச் சொன்னார். சிலுவையை மாட்டச் சொன்னார். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அந்தப் பெண் பல்லைக் காட்டினாள். கேமராக்காரர் அதைத்தான் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டார்.

“மங்களகரம் இன்னா ஆச்சு சார்?” என்று கேட்டேன்.

“நீ பில்லப் போடு.”

இப்போது அந்தப் படம் கடை வாசலில் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. கீழே ‘எம்மதமும் எங்களுக்குச் சம்மதமே’ என்று தங்க எழுத்து. காறித் துப்பலாம் போல இருந்தது. அதை வைத்த அன்று வேலை முடிந்து நானும் எப்சிபாவும் வெளியே வந்தபோது, அதன் முன்னால் நின்று அவள் மூச்சு வாங்கினாள். கடையைத் திட்டித் தீர்க்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

“பாவம்க்கா அந்தப் பொண்ணு,” என்றாள். “சாமி கும்புட்டு ஆசையா வெச்சிகினு வந்த பொட்டு. அத்தப் போய் அழிக்க வெச்சிட்டாங்களே.”

இன்ஹேலரை உறிஞ்சிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். பஸ் உடனே வந்தது. அன்றைக்கு அவள் ஸ்தோத்திரம் சொல்லவில்லை.