நெஞ்சுப் படத்தில் விழுந்த நிழல்

1962-இல் எனக்கு உதிரப்போக்கு நிற்காமல் போனது. எட்டு மாதம் வெட்கப்பட்டு வாய் திறக்காமல் இருந்தேன். மானம்தான் பெரிதென்று உயிரோடு விளையாடிய முட்டாள் நான். இந்த உடம்போடு தொழக் கூடாதென்று நானே முடிவுகட்டித் தொழுகையையும் விட்டேன். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த என் கணவர், தோலில் தைத்து ஒரு தாயத்தைக் கழுத்தில் கட்டிவிட்டார். அதுவே துணையென்று கிடந்தேன்.

கடைசியில் வலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். லேடி டாக்டர் பரிசோதித்துவிட்டு, கர்ப்பப்பையில் புற்றுநோய் என்றார். மதுரைக்கு அனுப்பி, நோயைக் கருக்க உள்ளே ரேடியம் வைக்கலாம், அதற்கு முன் நோய் நெஞ்சுக்குப் பரவியிருக்கிறதா என்று எக்ஸ்ரே பார்க்க வேண்டும் என்றார்.

கழுத்தில் கிடப்பதையெல்லாம் கழற்றச் சொன்னார் நர்ஸ். நிக்காஹ்வில் கட்டிய கருகமணியைக் கழற்றினேன். தாயத்தைக் கழற்றினால் செத்துவிடுவேன் என்று பயம். ரவிக்கைக்குள் தள்ளிக்கொண்டு, எல்லாம் கழற்றியாச்சு என்று பொய் சொன்னேன்.

மறுநாள் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். உயிரோடு இருக்கும்போதே என் எலும்புகளைப் பார்த்தேன். நடுவே புகைபோல் ஒரு நிழல்.

"நெஞ்சுக்கு வந்துருச்சுன்னா ரேடியம் வச்சுப் பிரயோசனம் இல்லம்மா" என்றார்.

அதன்பிறகு கண்ணை மூடினாலே அந்த எலும்புகள்தான். சோறு இறங்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் சாணார்பட்டிச் செல்லம்மாள் படுத்திருந்தாள். அவளுக்கும் அதே நோய், அவள் படத்திலும் நிழல்.

வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிவாசலிலிருந்து தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டது. தாங்க முடியாமல் கையேந்தினேன். "யா அல்லாஹ், தொழாதவ கேக்குறேன், கைவிட்றாத." கையை இறக்கும்போது விரலில் தாயத்து இடறியது. படத்தில் விழுந்த நிழல் இதுதானோ என்று அப்போதுதான் உறைத்தது. டாக்டரிடம் என் பொய்யை ஒத்துக்கொண்டேன். அந்தத் தைரியம் என்னுடையது இல்லை, அல்லாஹ் கொடுத்தது.

டாக்டர் நன்றாகத் திட்டிவிட்டு, தாயத்தைக் கழற்றவைத்து மறுபடி படம் எடுத்தார். நிழல் இல்லை. நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

செல்லம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தன் கழுத்தைத் தடவிக்கொண்டு கேட்டாள்: "எங்கிட்டயும் கழட்ட ஏதாச்சும் இருக்கான்னு பாரு பாயம்மா."

பார்த்தேன். ஒன்றுமில்லை. இனி வைத்தியம் இல்லையென்று மூன்றாம் நாள் அவளை ஊருக்குக் கூட்டிப் போய்விட்டார்கள்.

மதுரையில் எனக்கு ரேடியம் வைத்தார்கள். ஏழு வருடமாக நன்றாக இருக்கிறேன், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் தூக்கத்தில் இன்னும் செல்லம்மாள் கழுத்தில் கழற்ற ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிறேன். அவள் ஏன் போனாள், நான் ஏன் பிழைத்தேன் என்று எனக்குத் தெரியாது. என் குரலை அவன் கேட்டான் என்பது மட்டும் தெரியும்.

சகோதரிகளே, உதிரப்போக்கை மறைக்காதீர்கள், டாக்டரிடம் பொய் சொல்லாதீர்கள். தொழ முடியாத நாளிலும் கையேந்துங்கள், அவன் கேட்பான். செல்லம்மாளுக்கு மூன்று பிள்ளைகள். ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் அவர்களுக்காகக் கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள்.