வேர்க்காத குதிரை

கோயிலில் கும்பிடும்போதுகூடச் சபாபதியின் ஒரு கண் வாசலில் விட்ட செருப்பின்மேல்தான் இருக்கும். இதை ஊரார் சொல்லியிருந்தால் பொல்லாப்பு என்று தள்ளிவிடலாம். சொன்னது அவர் மனைவி புஷ்பவல்லி. டெங்கிலில் பிறந்து, பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடிக்கு வெகுகாலம் ஜாகா என்னும் காவல் வேலை பார்த்தவர் சபாபதி. வருகிறவன் போகிறவனையெல்லாம் திருடனாகப் பார்ப்பதற்கே சம்பளம் வாங்கிய மனிதருக்கு, அந்த வேலை போன பிறகும் பார்வை மட்டும் போகவில்லை.

பிறகு, தெரிந்தவர் ஒருவர் மூலமாகப் பந்தயக் குதிரை லாயத்தில் வேலை கிடைத்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திறங்கிய சாம்பல் நிறப் பெண்குதிரை ஒன்றை அவர் பொறுப்பில் விட்டார்கள். அதற்கு நீளமான ஆங்கிலப் பெயர் இருந்தது. அவருக்கு அது முத்து. பிள்ளையில்லாத மனிதர். உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஒரே ஜீவன் முத்துதான்.

ஓட்டப் பயிற்சி முடிந்து வரும் மற்றக் குதிரைகள் வேர்த்து நுரைத்து நிற்கும். முத்துவின் உடம்பில் ஈரப்பசையே இருக்காது. 'என்ன தெம்பு இதுக்கு!' என்று சபாபதிக்குப் பெருமை பிடிபடவில்லை. கூடவே பயமும் வந்தது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதே! அதனால் நாலு பேர் பார்ப்பதற்குள், ஈரத்துணியால் அதன் கழுத்தையும் விலாவையும் துடைத்து, வேர்த்த மாதிரி காட்டிவிடுவார். குதிரை டாக்டர் பெர்னிஸ் கேட்கும்போதும், "நல்லா வேர்க்குது டாக்டர்" என்று கூசாமல் சொன்னார்.

கொஞ்ச நாளில் முத்து தீனியைக் குறைத்தது. சும்மா நிற்கும்போதே மூச்சு வாங்கியது. பக்கத்து லாயத்துச் சுகுமாறன் ஒரு தடவை வந்து, "அண்ணே, முத்துக்கு என்னமோ செய்யுது. டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றான்.

"உன் குதிரையப் பாருலா. என் குதிரைமேல எதுக்குக் கண்ணு?"

அதற்குப் பிறகுதான் சபாபதி அதைக் கவனித்தார். மத்தியானம் பூச்சோங்குக்குப் போய்ச் சாப்பிட்டுத் திரும்பும்போதெல்லாம் முத்துவின் முதுகு ஈரமாக இருந்தது. தரையிலும் தண்ணீர். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா? முத்து ஓடவிருந்த அதே பந்தயத்தில்தான் சுகுமாறனின் குதிரையும் ஓடப்போகிறது. தான் இல்லாத நேரத்தில் முத்துவை வெயிலில் ஓட்டிக் களைக்கவைத்து, தடம் தெரியாமல் கழுவி நிறுத்துகிறான் பாவி என்று முடிவே கட்டிவிட்டார்.

மறுநாள் ஒரு பூட்டு வாங்கினார். லாயத்தின் மேல்கதவு, கீழ்க்கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் இறுக மூடினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிடப் போனார்.

திரும்பி வந்தபோது சுகுமாறன் ஒரு கம்பியால் பூட்டை நெம்பிக்கொண்டிருந்தான். "திருடா!" என்று பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தார் சபாபதி.

"அப்புறமா அடிங்க! முதல்ல கதவத் திறங்கண்ணே!"

திறந்தார். உள்ளே முத்து கால் தள்ளாடி நின்றது. தொட்டுப் பார்த்தார். காய்ந்த தோசைக்கல்லாகச் சுட்டது. அந்தப் புழுக்கத்திலும் ஒரு சொட்டு வேர்வை இல்லை. சுகுமாறன் அவரைத் தள்ளிவிட்டுத் தண்ணீர்க் குழாயை இழுத்து வந்தான்.

டாக்டர் பெர்னிஸ் ஓடி வந்தார். ஐஸ் தண்ணீரை ஊற்றி, வழித்து, மறுபடியும் ஊற்றச் சொன்னார். கழுத்து நரம்பில் மருந்து நீர் ஏற்றினார். பெரிய காற்றாடிகளை வைத்தார்கள். முத்துவின் மூச்சு ஒருவழியாகத் தணிந்த பிறகு சபாபதியைப் பார்த்தார்.

"அங்கிள், உண்மையச் சொல்லுங்க. எப்ப இருந்து வேர்க்கல?"

சபாபதி ஈரத்துணிக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"இது தெம்பு இல்ல அங்கிள், நோய். நம்ம ஊரு வெக்கையில சில குதிரைக்கு வேர்வையே நின்னுடும். சூடு வெளிய போக வழியில்லாம உள்ளுக்குள்ளயே அவிஞ்சிடும். சுகுமாறன் இப்பத்தான் சொன்னாரு, தினமும் மத்தியானம் அதுமேல தண்ணி ஊத்தியிருக்காரு. அதாலதான் இத்தன நாளு தாங்கியிருக்கு."

சபாபதி திரும்பினார். "ஏண்டா என்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. நீங்க நம்புனீங்களா?"

சபாபதி குழாயடியில் உட்கார்ந்து அழுதார். முத்துவைக் கொல்லப் பார்த்தது தன் கைதான் என்பது அவருக்குத் தாங்கவில்லை.

உப்பு மருந்து கொடுத்தார்கள். வெயில் ஏறுமுன் மட்டும் நடக்கவிட்டார்கள். முத்து பிழைத்துக்கொண்டது, வேர்வை மட்டும் திரும்பவில்லை. குளிர்ந்த இடத்துக்கு அனுப்புவதே நல்லது என்று டாக்டர் சொல்ல, கேமரன் மலையில் ஒரு பண்ணையை ஏற்பாடு செய்தார்கள். கூடவே போய்த் தங்குவதற்கு ஓர் ஆள் வேண்டும். முதலாளி சபாபதியைத்தான் கேட்டார்.

"சுகுமாறன அனுப்புங்க, பாஸ்" என்றார் சபாபதி.

லோரியில் முத்துவை ஏற்றிவிட்டுச் சுகுமாறன் அவரிடம் வந்தான். "என்னண்ணே, என்னைய நம்பியா அனுப்புறீங்க?"

சபாபதி முத்துவின் நெற்றியைத் தடவிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"என்னை நம்பாமத்தாண்டா அனுப்புறேன்."