மழையில் வைத்த பட்டாசு

மலேசியாவின் கோலசிலாங்கூர் கோட்டைக் குன்றுக்கு மழைக்காலத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை போயிருந்தேன். சுற்றுலாக்காரர் ஒருவரும் இல்லை. பீரங்கிகளும் சாம்பல் குரங்குகளும் ஒரு காவலாளியும்தான்.

அவருக்கு ஐம்பது வயதிருக்கும். சீருடைச் சட்டையைக் கழுத்துப் பொத்தான்வரை பூட்டியிருந்தார். காலில் ஜப்பான் சிலிப்பர் என்கிற ரப்பர் செருப்பு.

தூறல் விழுந்தது. பீரங்கியின் மேல் ஒரு கட்டுப் பட்டாசு நனைந்துகொண்டிருந்தது. மறந்துவிட்டார் போலும் என்று எடுத்துக்கொண்டு அவருடைய காவல் கொட்டகைக்கு ஓடினேன்.

"அண்ணே, இது நனையுது."

"எடுத்த இடத்துலயே வைங்க," என்றார் கடுகடுவென்று.

குரங்குகள் குப்பைத்தொட்டியைக் கிளறுகின்றனவாம். வெடிவைத்து விரட்டச் சொல்லி மேலதிகாரி வாரம் ஒரு கட்டு கொடுக்கிறாராம். இவர் வாங்கிய கையோடு மழையில் வைத்துவிடுவாராம்.

"சுத்திப் பாக்க வர்றவங்க ஸ்கூல் லீவுல வந்து பயத்தங்காய் வாங்கிக் கொடுக்கிறாங்க, தோள்ல ஏத்தி போட்டோ எடுக்கிறாங்க. மனுசன் கையால தின்னப் பழக்கிட்டாங்க. இப்ப ஆளு வரலன்னா அதுங்க எங்க லா போகும்? பசின்னு வந்தா வெடியா?"

"ஏன் வெடிக்கலன்னு அதிகாரி கேட்டா?"

"நனஞ்சு போச்சும்பேன். பொய் இல்லையே."

பட்டாசைக் கொண்டுபோய்ப் பீரங்கிமேலேயே வைத்தேன். முகம் தெரியாத அந்த அதிகாரியை வழியெல்லாம் திட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

கதவைத் திறந்ததும் எதிர்ச்சுவரில், போன பள்ளி விடுமுறையில் அதே குன்றில் எடுத்துச் சட்டம் போட்ட படம். தோளில் ஒரு சாம்பல் குரங்கு. கையில் பயத்தங்காய்க் கட்டோடு நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.