அறுநூறு கிலோமீட்டரும் மூன்று கிலோமீட்டரும்

என் வீட்டுச் செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு ஜோடி பழுப்பு ஷூ கிடக்கிறது. அடியில் கரிசல் மண் காய்ந்து வெடித்து அப்படியே ஒட்டியிருக்கிறது. தூக்கிப் போடச் சொல்லி வீட்டில் அலுத்துவிட்டார்கள். நான் போடுவதாக இல்லை.

கோவில்பட்டியில் பூகோளம் நடத்தும் வாத்தியார் நான். தூரம், நேரம் என்று பேச்சு வந்தால் வாய் சும்மா இருக்காது. அந்த மண் ஒட்டிய வருஷம், புரட்டாசியில் அண்ணன் சென்னையில் மகன் வீட்டில் தங்கி இருதய வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். மதினி மட்டும் விளாத்திகுளம் பக்கத்திலுள்ள எங்கள் ஊரில் இருந்தார். கரிசலில் மழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிட வேண்டும். பிறகு மழை ஏமாற்றினால் விதை போச்சு. மதினி விதைத்து முடித்து இருபது நாளாகியும் ஒரு பொட்டு விழவில்லை. அண்ணன் தினமும் போனில் விசாரித்தது மேகத்தைப் பற்றித்தான்.

ஒருநாள் சாயங்காலம் அண்ணன் மகன் கூப்பிட்டான். மறுநாள் மதியம் மூன்று மணிக்கே ஆபரேஷன். "அவ வராம உள்ள போக மாட்டேன்" என்று அண்ணன் அடம்பிடிக்கிறாராம். உடனே கிளம்பி மதினியிடம் போனேன்.

"கவலப்படாதீங்க மதினி. சென்னை அறுநூறு கிலோமீட்டர். தூத்துக்குடியில பத்து மணிக்கு ஏறுனா ஒன்றரை மணி நேரந்தான்."

"பிளேன் போயிரும் தம்பி. நாம பிளேனுக்குப் போவணும்லா?" என்றார். நான் சிரித்தேன்.

விடியும்போது கொட்டித் தீர்த்துவிட்டது. ஊரிலிருந்து தார் ரோட்டுக்கு மூன்று கிலோமீட்டர் மண்பாதை. கரிசல் நனைந்தால் மாட்டு வண்டியே நகராது. எங்களை ஏற்ற வந்த வாடகைக் கார் தார் ரோட்டிலேயே நின்றுவிட்டது. மதினி சேலையைத் தூக்கிச் செருகி, புதுச் செருப்பை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டார்.

"சூவக் கழத்திருங்க தம்பி, மண்ணு விடாது."

கேட்டேனா? விமானம் ஏறப் போகிறவன் வெறுங்காலோடு நடப்பதாவது! பத்தடிக்குள் ஒவ்வொரு காலும் அம்மிக்கல்லாகக் கனத்தது. மதினி குச்சியால் மண்ணைச் சுரண்டிவிடுவார், கொஞ்சம் நடப்போம், மறுபடியும் சுரண்டுவார். மூன்று கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் நேரம் போகப் போக "மணி என்ன தம்பி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது.

தார் ரோட்டுப் பாலத்தடியில் மதினி காலைக் கழுவிச் செருப்பு மாட்டிக்கொண்டார். என் ஷூ கழுவியும் போகவில்லை. விமான நிலையத்தில் கவுண்டர் மூடப் போகும் நேரத்தில் ஓடிச் சேர்ந்தோம். விமானத்தில் காலை இருக்கைக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தேன்.

"மழைய உங்கண்ணன்ட்ட நாந்தான் சொல்லுவேன். நீங்க முந்திராதீங்க" என்றார் மதினி.

இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி அறைக்குள் நுழைந்தோம். மதினி வாயைத் திறப்பதற்குள் அண்ணனின் பார்வை என் காலில் விழுந்துவிட்டது.

"ஏலே, மழையா?"

"நாஞ் சொல்லணும்னு வச்சிருந்தேன். சூ முந்திக்கிட்டுது" என்று மதினி சிரித்துக்கொண்டே அழுதார். அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்பஞ் சரி, போய்ட்டு வாரேன்" என்றார்.

சொன்னபடியே வந்தார். இப்போது அந்தப் பாதைக்கும் தார் போட்டாகிவிட்டது. காரில் ஐந்து நிமிடம். போன வாரம் இருவரும் கோவில்பட்டிக்கு வந்தபோது, அண்ணன் வாசலிலேயே குனிந்து அந்த ஷூவிலிருந்து ஒரு கட்டியைப் பெயர்த்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"தூக்கிப் போட்ராதலே" என்றார்.