பம்ப் ஓடாத நாள்

வண்டலூரில் புஷ்பலதாவின் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் நஞ்சை நிலம் இருந்தது. அவள் கல்லூரிக்குப் போவதற்குள் அது மனைகளாகப் பிரிந்து விற்றுப்போனது. அப்பா கேசவன் ஜி.எஸ்.டி. ரோட்டில் சிமெண்ட், கம்பி விற்கும் கடை வைத்தார். மகள் வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கி, மூன்று வருஷம் ஜெர்மனியில் இருந்துவிட்டு, 2001ல் திரும்பி வந்து கிண்டிப் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் தற்காலிக விஞ்ஞானியாகச் சேர்ந்தாள். அவளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "லேசர்ல ஏதோ பண்றா" என்பதோடு அவர் நிறுத்திக்கொள்வார்.

அவள் செய்தது இதுதான். மூலக்கூறுக்குள் அணுக்கள் ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும். ஒரு நொடியை லட்சம் கோடி பங்காகப் போட்டால், அதில் ஒரு பங்குகூட நீடிக்காத அகச்சிவப்பு ஒளித்துடிப்பு ஒன்றை அனுப்பி அந்த அதிர்வைக் கூட்டிவிடுவார்கள். பின்னாலேயே இன்னொரு துடிப்பை அனுப்பி, அதிர்வு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பார்கள். மூலக்கூறு தன் துள்ளலைச் சுற்றியுள்ள தண்ணீருக்கு எப்படிக் கொடுத்துவிட்டு ஓய்கிறது என்பது அதில் தெரியும்.

அவளோடு சேர்ந்து வேலை பார்த்தவன் குமரேசன். அவள் வயதுதான். கோவளத்துக்குப் பக்கத்துக் குப்பத்துக்காரன். அப்பா சின்ன வயதிலேயே போய்விட, அம்மா கங்கையம்மாள் கேளம்பாக்கம் சந்தையில் மீன் விற்று அவனைப் படிக்க வைத்தாள். கருவி அவன் கைபட்டால் சொன்னபடி கேட்கும். கணக்கும் எழுத்தும் புஷ்பலதாவின் பொறுப்பு. அப்படித்தான் இரண்டு பேரும் வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நிலையத்தில் இருந்தது ஒரே லேசர். எல்லாக் குழுக்களும் முறை வைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். 2003 ஏப்ரலில் இவர்களுக்குப் பத்து நாள் கிடைத்தது. விட்டால் அடுத்த முறை ஐந்து மாதம் கழித்துத்தான். இரண்டு படிகக் கண்ணாடிகளுக்கு நடுவே திரவம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதை ஓட்டுவதற்கு ஒரு சின்ன பம்ப். ஒவ்வொரு துடிப்பும் புதுத் திரவத்தில் விழுவதற்காக அந்த ஏற்பாடு. முதல் மூன்று நாள் கருவியை ஒழுங்குபடுத்துவதிலேயே போனது. நாலாம் நாள் பம்ப் நின்றுபோனது. மாற்று பாகம் மும்பையிலிருந்து வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள்.

ஜூனில் அவள் வேலையை நிரந்தரம் செய்வதா வேண்டாமா என்று முடிவுசெய்யத் தேர்வுக் குழு கூட இருந்தது. வெளிநாட்டில் இன்னொரு ஆய்வுக் குழு இதே மூலக்கூறில் இறங்கியிருப்பதாகவும் காதில் விழுந்திருந்தது. திரவத்தை அசையாமல் வைத்தே எடுத்துவிடலாம் என்றாள் புஷ்பலதா.

"சூடு தங்கிடும் புஷ்பா. பம்ப் வரட்டும்" என்றான் குமரேசன்.

அவள் ஒரு தாளை எடுத்து, எவ்வளவு சூடு ஏறும் என்று கணக்குப் போட்டுக் காட்டினாள். கணக்கு அவள் பக்கம்தான் நின்றது. அவன் தாளைப் படித்துவிட்டு, சரி என்று சொல்லி, நோட்டில் எழுதினான்: பம்ப் ஓடவில்லை, அசையாமல் வைத்து எடுத்தது.

கிடைத்த விடை இரண்டு பேரையும் திக்குமுக்காட வைத்தது. அதிர்வு ஒரே மூச்சில் அடங்கவில்லை. முதலில் சட்டென்று குறைந்தது, அப்புறம் மெல்ல மெல்ல அடங்கியது. மூலக்கூறை ஒட்டியிருக்கும் தண்ணீர் மற்றத் தண்ணீரைப் போல நடந்துகொள்வதில்லை என்று கட்டுரை எழுதினார்கள். அடுத்த வருஷம் அது நல்ல அறிவியல் பத்திரிகையில் வெளிவந்தது. அதற்குள் அவள் வேலையும் நிரந்தரமாகிவிட்டது. ஒரு நாளிதழ் 'குப்பத்து விஞ்ஞானி' என்று குமரேசன் படத்தைப் போட்டது. கோயில் திருவிழாவில் ஊர்ப் பஞ்சாயத்து அவனுக்குச் சால்வை போர்த்தியது. தண்ணிக்குள்ள இன்னா நடக்குதுன்னு என் புள்ள கண்டுபுட்சிட்டான் என்று மீன் வாங்க வந்தவர்களிடமெல்லாம் கங்கையம்மாள் சொன்னாள்.

2005 கடைசியில் பெய்த மழையில் நிலையத்தின் தரைத்தளத்துக்குள் தண்ணீர் புகுந்தது. குமரேசன் இரண்டு நாள் இடுப்பளவுத் தண்ணீரில் போய் வந்து, லேசரின் மின்பெட்டிகளை ஒவ்வொன்றாக மேசைமேல் ஏற்றி வைத்தான். பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. மழைக்காலக் காய்ச்சல்தானே என்று மாத்திரை போட்டுக்கொண்டான். எலிக்காய்ச்சல் என்று தெரியும்போது சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் சேர்த்த எட்டாம் நாள் செத்துப்போனான். முப்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை.

அவன் இல்லாத ஆய்வுக்கூடத்துக்குள் நுழையவே புஷ்பலதாவுக்குப் பல மாதம் பிடித்தது. 2007ல் வேறொரு மூலக்கூறை எடுத்துக்கொண்டாள். கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, முதலில் பழைய மூலக்கூறையே புதுப் பம்பில் ஓட்டிப் பார்த்தாள். மெல்ல அடங்கும் பகுதியைக் காணோம். தன் கைக்கோளாறு என்று நினைத்து மூன்று வாரம் திரும்பத் திரும்ப எடுத்தாள். கடைசியில் ஒரு மத்தியானம் பம்பை வேண்டுமென்றே நிறுத்தினாள். அந்தப் பகுதி அப்படியே திரும்பி வந்தது. அது தண்ணீரின் குணம் இல்லை. வெளியே போக வழியில்லாமல் தங்கிய வெறும் சூடு. தாளில் போட்ட கணக்கில் அடுத்தடுத்த துடிப்புகளின் சூடு ஒன்றின்மேல் ஒன்றாகச் சேருவதை அவள் எடுத்துக்கொள்ளவே இல்லை. லேசரை அணைத்துவிட்டுத் துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னாள்.

துறைத் தலைவர் யக்ஞநாராயணன் கெட்ட மனிதர் இல்லை. கட்டுரையைத் திரும்பப் பெறத்தான் வேண்டும் என்று அவரும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, கருவிப் பக்கம் குமரேசனுடைய பொறுப்பு, நோட்டும் அவர் கையெழுத்தில் இருக்கிறது என்றார். "அவரை இனிமே யாரும் ஒண்ணும் செய்யப் போறதில்ல. உங்களுக்கு இன்னும் இருபது வருஷம் சர்வீஸ் இருக்கு."

ஆனால் அவள் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில், பம்ப் இல்லாமல் எடுக்கச் சொன்ன முடிவு தன்னுடையது, காலஞ்சென்ற சக ஆய்வாளர் அதை ஆட்சேபித்தார் என்று தெளிவாக எழுதினாள். தபாலில் சேர்ப்பதற்கு முன் கேளம்பாக்கம் போய், பஸ் மாறி, கங்கையம்மாளின் வீட்டுக்குப் போனாள்.

கங்கையம்மாள் வாசலில் மீன் செதில் சீவிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். புஷ்பலதா விஷயத்தைச் சொன்னாள்.

"அவன் பண்ண தப்பா?"

"இல்லம்மா. அவர் வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் எடுக்கச் சொன்னேன்."

கத்தி நின்றது. "வேணாம்னு சொன்னான்ல. அப்ப நீ ஏம்மா கேக்கல?"

பம்ப், சூடு, கணக்கு எல்லாவற்றையும் அந்த அம்மாளுக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது என்று புஷ்பலதா பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்திருந்தாள். இந்தக் கேள்வி அந்த யோசனையில் வரவே இல்லை. கங்கையம்மாள் மறுபடி சீவ ஆரம்பித்தாள். புஷ்பலதா எழுந்து வந்துவிட்டாள்.

2008 தொடக்கத்தில் கடிதம் அச்சானது. அன்றைக்குப் படம் போட்ட நாளிதழே உள்பக்கத்தில், 'குப்பத்து விஞ்ஞானியின் ஆய்வு தவறு: வாபஸ்' என்று நாலு வரி போட்டது. புஷ்பலதாவின் பெயர் அதில் இல்லை. ஆட்சேபித்தார் என்ற வார்த்தையும் இல்லை. அவள் ஆசிரியருக்கு இரண்டு தடவை விளக்கம் எழுதினாள், அவர்கள் போடவில்லை. குப்பத்தில் அதைப் படித்தவர்கள் படிக்காதவர்களுக்குச் சொன்னார்கள்.

நிலையத்தில் அவள் கொடுத்த ஆய்வுத் திட்டங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. புது மாணவர்களை அவளிடம் அனுப்புவதை நிறுத்தினார்கள். கம்பெனிகள் அனுப்பும் பிளாஸ்டிக், பெயிண்ட் மாதிரிகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் பிரிவுக்கு அவளை மாற்றினார்கள். லேசரில் யாராவது முறையை விட்டுக்கொடுத்தால் அந்த ஒன்றிரண்டு நாளை வாங்கிக்கொண்டு, பழைய அளவீட்டை முதலிலிருந்து ஒழுங்காகச் செய்தாள். முடிக்க ஒன்றரை வருஷம் ஆனது. அதிர்வு ஒரே மூச்சில் அடங்கிவிடுகிறது என்று வந்தது. எல்லாரும் எதிர்பார்க்கக்கூடிய விடைதான்.

பழைய நோட்டுகளில் கருவியைச் சரிபார்க்கக் குமரேசன் எடுத்து வைத்திருந்த நல்ல அளவீடுகள் அதற்கு உதவியிருந்தன. அவன் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று நினைத்தாள். சம்மதம் கேட்க 2009ல் மறுபடி குப்பத்துக்குப் போனாள். கங்கையம்மாள் இளைத்திருந்தாள். அன்றைக்குக் கோபமாகவும் இல்லை, டீ வாங்கிக் கொடுத்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"அவன் பேர உட்டுடும்மா. ஒரு தபா பேப்பர்ல வந்துச்சு, ஊரே கும்புட்டுது. அப்பால அதே பேப்பர்ல தப்புன்னு வந்துச்சு. செத்தவன இஸ்துகினு வந்து இன்னொரு தபா நிக்க வெக்காத."

"இந்தத் தடவை சரியா இருக்கும்மா. நான் நூறு தடவை பாத்துட்டேன்."

"சரியா கீதுன்னா சந்தோசம். உன் பேர போட்டுக்க."

புஷ்பலதா அதற்கு மேல் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, தலைப்புக்குக் கீழே தன் பெயரை மட்டும் வைத்தாள். நன்றி சொல்லும் பகுதியில் அவனைக் குறித்து இரண்டு வரி எழுதியிருந்தாள். அந்த அம்மாளுக்கு அதுவும் பிடிக்காதோ என்று யோசித்து, அதையும் அடித்துவிட்டு, கட்டுரையை அனுப்பி வைத்தாள்.