மகனுக்காகக் கேட்ட மன்னிப்பு

ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி நகரில் திங்கட்கிழமை காலை குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளும்போது பக்கத்து வீட்டு டேவ் கட்டைவிரலை உயர்த்துவார். அவர் படித்த கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணியில் என் மகன் கவின் கிக்கர், பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுப்பவன். சனிக்கிழமை நன்றாக உதைத்தான் என்று அதற்குப் பொருள். அந்தத் திங்கட்கிழமை அவர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

முந்தைய சனிக்கிழமை, கான்ஃபரன்ஸ் ஆட்டத்தின் கடைசி நொடிகளில், கவின் உதைத்த பந்து கம்பத்துக்கு வெளியே போனது. இரண்டு புள்ளியில் தோல்வி. அக்கம்பக்கத்து மாநிலக் கல்லூரிகள் மோதும் அந்தத் தொடரில் முதலிடமும் கைவிட்டுப் போயிற்று. மாலைக்குள் அவன் போனில் வசைகள் குவிந்தன. உன் நாட்டுக்கே போ என்றும் சிலர் எழுதியிருந்தார்கள். அவன் பிறந்தது ஹூஸ்டனில். அவற்றைப் படித்ததும் அவனை யாராவது ஏதாவது செய்துவிடுவார்களோ என்று பயந்தேன்.

அந்தப் பயத்தில்தான் டேவ் வீட்டுக் கதவைத் தட்டி, என் மகனுக்காக மன்னிப்புக் கேட்டேன். "சாரி? ஃபார் வாட்?" என்று அவர் விழித்தார். பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்க வார்த்தை வராமல்தான் காலையில் ஒதுங்கினாராம்.

கரூரில் நான் கணக்கில் ஃபெயிலானபோது அப்பா தலைமையாசிரியர் முன்னால் கைகட்டி நின்று மன்னிப்புக் கேட்டார். எனக்கு அது அவமானமாகப் படவில்லை. நமக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கிறது என்று தைரியமாக இருந்தது.

டேவ் கவினுக்கு ஆறுதலாக அனுப்பிய செய்தியில் நான் மன்னிப்புக் கேட்டதையும் எழுதிவிட்டார். கவின் போன் செய்தான்.

"ஐ மிஸ்ட் எ கிக், ப்பா. தட்ஸ் ஆல். நீங்க ஏன் சாரி சொன்னீங்க?"

"உனக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாதுன்னுதான்டா."

"ஸோ யூ ஆர் ஆன் தேர் சைட்." வைத்துவிட்டான்.

"அடி வாங்கின புள்ளைக்காக அடிச்சவங்ககிட்ட மன்னிப்புக் கேட்ட ஒரே ஆள் நீங்கதான்" என்றாள் மனைவி சுதா.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவன் எங்களுக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவைப்பான். கடைசி கான்ஃபரன்ஸ் ஆட்டத்துக்கு எங்கள் பெயரில் டிக்கெட் இல்லை.

"கூப்பிடலைன்னா போகாம இருக்க, இதென்ன கல்யாணமா?" என்றாள் சுதா. எதிரணி ரசிகர்கள் பகுதியில்தான் இடம் மிச்சமிருந்தது. வாங்கினோம்.

ஆட்டம் முடியும் நேரத்தில் கவின் உதைக்க வந்தான். எங்களைச் சுற்றி அத்தனை பேரும் எழுந்து, அவன் தவறவேண்டும் என்று கத்தினார்கள். பந்து கம்பங்களுக்கு நடுவே போயிற்று. அவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். நாங்கள் இருவர் மட்டும் நின்றுகொண்டிருந்தோம்.

மைதானத்தின் எதிர்க்கரையில் கவின் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, குடும்பங்கள் உட்காரும் பகுதியை வரிசை வரிசையாகத் தேடிக்கொண்டிருந்தான். எங்களுக்கு அவன் முதுகுதான் தெரிந்தது. ஜெர்சியில் பெரிய எழுத்தில் இருந்தது, இந்த நாட்டில் அவனுக்குக் கடைசிப் பெயராகிவிட்ட என் பெயர்.