மற்றப் பக்கம்

எங்கள் ஊரில் யாராவது பிடிவாதம் பிடித்தால் ஐயாவைத்தான் கூப்பிடுவார்கள். வேலிச் சண்டையோ, மகளின் கலியாணத்துக்குச் சம்மதிக்காத தகப்பனோ, கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போன மருமகளோ, எதுவானாலும் சரி, ஐயா போய்க் கதைத்தால் இறங்கிவராத ஆளில்லை என்று பெயர். அந்தப் பெயருக்காக வெங்காயத் தோட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டும் போவார். அம்மா மூடிவைத்த சோறு காய்ந்து கிடக்கும்.

சைக்கிள் பாரில் குந்திக்கொண்டு நானும் பல வீடுகளுக்குப் போயிருக்கிறேன். அவர் வாதாடவே மாட்டார். தேத்தண்ணீர் வரும்வரை மழையைப் பற்றிக் கதைப்பார். பிறகு மெல்ல, "உன்னை நான் மறிக்கேல்லை. நீ சொல்லுறது சரிதான். ஆனா மற்றவன் ஏன் அப்பிடிக் கேக்கிறான் எண்டு நீயே ஒருக்காச் சொல்லு பாப்பம்" என்பார். பாவம், அந்த மனிதர் எதிராளியின் நியாயத்தைத் தன் வாயாலேயே சொல்லத் தொடங்குவார். சொல்லச் சொல்ல அது அவருடைய நியாயமாகவே ஆகிவிடும். கோப்பை காலியாகும்போது காரியமும் முடிந்திருக்கும்.

ஊரையே அசைத்தவரை வீட்டில் யாராலும் அசைக்க முடியவில்லை. எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஆமி முகாமிலிருந்து ஷெல் வந்து விழும். அண்ணையின் வயதுப் பெடியன்கள் ஒவ்வொருவராக ஊரில் இல்லாமற் போய்க்கொண்டிருந்தார்கள். சிலர் இயக்கங்களுக்கு, சிலர் சிறைக்கு, சிலர் சுடலைக்கு. ஜேர்மனியில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி, அண்ணையை அனுப்பிவிடச் சொல்லி எழுதிக்கொண்டேயிருந்தார். அம்மா ஒவ்வொரு சாப்பாட்டு நேரமும் கெஞ்சுவார். ஐயாவிடம் ஒரே பதில்தான்.

"இருக்கிறது ஒரு ஆம்பிளைப் பிள்ளை. உவனையும் அனுப்பிப்போட்டு நான் ஆரைப் பாத்துக்கொண்டு இருக்கிறது? இஞ்சை இருக்கிற சனம் எல்லாம் செத்தே போச்சு?"

அண்ணை தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார். அவருடைய விருப்பத்தை யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

ஒருநாள் அம்மா நிறுத்திவிட்டார். "கதைச்சுக் கதைச்சு எனக்கு வாய் உளைஞ்சு போச்சு. இனி நான் உதைப்பற்றி வாய் திறக்கேல்லை" என்றார். சொன்னபடியே திறக்கவும் இல்லை. வீட்டில் சண்டை ஓய்ந்துவிட்டதென்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அந்த மாதம்தான் வாசிகசாலை ஆண்டுவிழாவின் விவாதப் போட்டிக்குத் தமிழ் ரீச்சர் என்னைத் தெரிந்தெடுத்தார். இளம் பிள்ளைகள் ஊரில் இருப்பதா, வெளியே போவதா என்பது தலைப்பு. எந்த வீட்டிலும் அப்போது அதுதானே கதை. எனக்குக் கிடைத்தது வெளியே போகிற பக்கம். நான் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். ஐயாவின் மகள் அந்தப் பக்கத்தில் நின்று எதைக் கதைப்பது?

"பக்கத்தை மாத்தித் தரச்சொல்லி ரீச்சரைக் கேள்" என்றார் ஐயா.

முருங்கையிலை உருவிக்கொண்டிருந்த அம்மா நிமிரவேயில்லை. "விடு பிள்ளை. தோத்தாத் தோத்துப்போட்டு வா. உந்தப் பக்கத்துக்குச் சொல்லித்தர ஐயாவுக்கும் ஏலாதாம்."

ஐயாவுக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊர்களில் ஒரு பிள்ளை மேடையில் தோற்றால் தோற்பது பிள்ளையல்ல, வீடுதான். வாசிகசாலை வாசலில் மறுநாள் என்ன கதைப்பார்கள் என்பது ஐயாவுக்குத் தெரியும். "ஆர் சொன்னது ஏலாதெண்டு? நாளைக்கு விடிய இறைப்பு. நீ தோட்டத்துக்கு வா" என்றார்.

கிணற்றடியில் இறைப்பு மெசின் காதைப் பிளந்துகொண்டிருக்கும். அதற்கு மேலாக ஐயா கத்திக் கத்தித்தான் சொல்லித்தர வேண்டும், நானும் அதைத் திருப்பிக் கத்த வேண்டும். சற்றுத் தள்ளி அண்ணை மண்வெட்டியோடு நின்று தண்ணீர் மாறிக்கொண்டிருப்பார். ஒரு பாத்தி நிறைந்ததும் அதன் வாயை மண்ணால் அடைத்து, அடுத்த பாத்தியின் வாயை வெட்டிவிடுகிற வேலை அது. நாங்கள் கத்திய ஒவ்வொரு சொல்லும் அவருக்கும் கேட்டிருக்கும்.

முதல் இறைப்பில் ஐயா வேண்டாவெறுப்பாகத்தான் சொன்னார். படிக்கலாம், உழைக்கலாம், நாலு இடம் பார்க்கலாம் என்று ஏதோ. "இதுக்கு ஆர் ஐயா கை தட்டுவினம்?" என்று நான் சிணுங்கினேன். அது அவருக்கே தெரிந்திருந்தது. அடுத்த இறைப்புக்கு யோசித்துக்கொண்டு வந்தார். சுற்றிவளைப்பில் பிடிபட்ட மகனுக்காகச் சாப்பாட்டுப் பார்சலோடு முகாம் வாசலில் நிற்கிற தாயைச் சொன்னார். பக்கத்து ஒழுங்கையில், செத்துப்போன மகனின் சைக்கிளைத் தினமும் துடைத்துக் காற்றடித்து வைக்கிற தகப்பனைச் சொன்னார். அந்த மனிதரை எனக்கும் தெரியும். பிறகு ஐயா, முடிவுரை சொல்கிறேன் கேள் என்று தொடங்கினார்.

"பிள்ளை கண்ணுக்கு முன்னாலை நிக்கவேணும் எண்டு கேக்கிறது தகப்பன்ரை ஆசை. பிள்ளை எங்கையெண்டாலும் உயிரோடை இருக்கட்டும் எண்டு விடுறதுதான் தகப்பன்ரை வேலை."

நான் அதை அப்படியே திருப்பிக் கத்தினேன். அண்ணை மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அசையாமல் நின்றார். பாத்தி நிறைந்து, வரம்பை உடைத்துக்கொண்டு தண்ணீர் ஓடியது. வேறு நாளென்றால் ஐயா ஏச்சால் கிழித்திருப்பார். அன்று அவரும் ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மிச்சம், ஐயா?" என்றேன்.

"அவ்வளவுதான்" என்றார்.

விழாவில் அந்த முடிவுரையைச் சொன்னபோது பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். எனக்குப் பரிசாக ஒரு பிளாஸ்ரிக் வாளி கிடைத்தது. ஐயா கூட்டத்துக்குப் பின்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்து சைக்கிளைச் சாத்திவிட்டு, "இஞ்சேர், உன்ரை தம்பிக்குக் கடிதம் போடு" என்றார்.

அம்மா சிரிக்கவில்லை, அழவும் இல்லை. "சாப்பிடுங்கோ, சோறு ஆறுது" என்றார்.

என் பேச்சைக் கேட்டுத்தான் ஐயா மனம் மாறினார் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அண்ணையும் கொழும்புக்குப் போக வான் வண்டியில் ஏறும்போது என் தலையில் குட்டி, "நீதானடி என்னை ஊரைவிட்டுக் கலைச்சனி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஐயா மட்டும் வண்டியின் சில்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வளர்ந்த பிறகு, ஒரு கலியாண வீட்டில் ரீச்சர்தான் சொன்னார். பக்கம் பிரிப்பதற்கு முதல் நாள் அம்மா ஒரு கட்டு முருங்கைக்காயோடு அவரிடம் போயிருக்கிறார். "அந்தப் பக்கத்தை என்ரை பிள்ளைக்குத் தாங்கோ ரீச்சர். எனக்கு வேறை வழி தெரியேல்லை" என்று கேட்டாராம். ஐயாவின் வித்தையை ஊர்க்காரர் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. ரீச்சர் அதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். எனக்கு அலுப்புத்தான் வந்தது. ஒரு பிள்ளையை உயிரோடு வைத்திருப்பதற்கு ஒரு தாய் எவ்வளவு தூரம் சுற்றிவர வேண்டியிருந்தது என்று நினைத்தேன். அண்ணை இப்போதும் ஜேர்மனியில் இருக்கிறார், தலை நரைத்துவிட்டது. ஐயா கண்மூடும்வரை அவரால் வந்து பார்க்க முடியவில்லை.

அண்ணை போன பிறகு தண்ணீர் மாறுவது என் வேலையாயிற்று. ஒரு காலை மண்ணெண்ணெய் முடிந்து மெசின் நின்றுவிட்டது. தோட்டம் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. ஐயா எழும்பாமல் வரம்பிலேயே குந்தியிருந்தார்.

"பிள்ளை, மற்றப் பக்கத்துக்கும் ஒருக்காக் கதை பாப்பம்."

"எந்தப் பக்கத்துக்கு?"

"ஊரிலை இருக்கவேணும் எண்ட பக்கத்துக்கு."

அந்தப் பக்கத்து நியாயமெல்லாம் என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். பிறகு ஏன் என்னிடம் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. மண்வெட்டி கையை உளைய வைத்தது, பள்ளிக்கூடத்துக்கும் நேரமாகிக்கொண்டிருந்தது.

"போட்டி முடிஞ்சுதுதானே, ஐயா" என்றேன்.

"ஓம், முடிஞ்சுதுதான்" என்று சொல்லிவிட்டு, ஐயா எழும்பி மெசினடிக்குப் போனார்.